மாபிள் மண்ணீரல்

துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்த பற்றிக், கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் படகில் வேலை செய்தார். 1974இல் ஒரு வெளிநாட்டுக் கப்டன் அவருக்கு நான்கு பெசன்ட் பறவைகளைக் கொடுத்தார். கோழி இனம்தான், ஆனால் வால் ஒரு முழ நீளம்.

இரண்டு வாரத்தில் மூன்று செத்தன. காலையில் தீன் தின்றவை மத்தியானம் மூச்சுத் திணறி விழுந்தன. மிருக வைத்தியர் சோமசேகரம் ஒன்றை அறுத்துப் பார்த்தார். மண்ணீரல் இரண்டு மடங்கு வீங்கி, மாபிள் கல்லைப் போலச் சாம்பலும் சிவப்புமாய்க் கிடந்தது.

"வைரஸ். மாபிள் மண்ணீரல் எண்டு சொல்லுறது. கோழிக்கும் தொற்றும், ஆனா அதுகள் லேசில சாகாது."

கப்பலில் வந்த பறவைகள் என்பதால் அறிக்கையின் பிரதி துறைமுகத்துக்கும் போனது. அந்நாட்களில் வெளிநாட்டுச் சாமான் எதற்கும் அனுமதி வேண்டும். துறைமுக உத்தியோகத்தர் ஸைனுலாப்தீன், வைத்தியரையும் கூட்டிக்கொண்டு, கோப்போடு பற்றிக்கின் வீட்டில் வந்து நின்றார்.

"மாபிள் எங்க?"

"மண்ணீரலுக்குள்ள," என்றார் பற்றிக்.

"அனுமதி எடுத்தனீங்களோ?"

"அது கல்லில்லை ஐயா. பறவைக்கு வந்த வருத்தம்."

"அறிக்கையில மாபிள் எண்டுதானே கிடக்கு."

சோமசேகரம் போத்தலில் போட்டு வைத்திருந்த மண்ணீரலைக் காட்டினார். ஸைனுலாப்தீன் அதைக் குச்சியால் அமத்திப் பார்த்து, 'மாபிள், மிருதுவான ரகம்' என்று எழுதிப் போத்தலுக்கு அரக்கு முத்திரை வைத்தார். மிஞ்சிய சேவலுக்குள்ளும் மாபிள் இருக்கலாம் என்று அதையும் கூட்டோடு கொண்டுபோனார். பற்றிக் அன்று சாப்பிடவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கூட்டைத் தூக்கிக்கொண்டு அதே உத்தியோகத்தர் படியேறி வந்தார். பற்றிக்கின் மனைவி கிறிஸ்டின் கதிரை போட்டார். அவர் அதில் இருக்கவில்லை.

"சேவலை அறுத்து மாபிளை அனுப்பட்டாம் எண்டு மேலிடம் சொல்லுது. எனக்கு ஏலாது. ஒரு மாசமா என்ர கையால சோறு திண்டது."

சோமசேகரத்தைக் கூப்பிட்டார்கள். அவர் சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளுக்க இருக்கிறதை வெளியால சொல்ல ஏலாது. ஆனா தப்பினது தப்பினதுதான்."

"அதை எப்பிடி எழுதுறது?"

வைத்தியர் கொஞ்சம் யோசித்து, 'மாபிள் கரைந்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

யாருடைய உத்தரவில் கரைந்தது என்று மேலிடம் கேட்டது. ஸைனுலாப்தீன், 'மழையில்' என்று பதில் எழுதினார். கோப்பை மூடிவிட்டார்கள்.

சேவல் பற்றிக்கின் வளவிலேயே நின்றது. வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்ததும் ஸைனுலாப்தீன் ஒரு பிடி சோற்றோடு வருவார். அது அவரைக் கண்டால் மட்டும் கூரையிலிருந்து இறங்கும். பற்றிக்குக்கு அது கொஞ்சம் மனவருத்தம்தான்.