பின்சுவர்

என் வீட்டுக்காரர் எழிலரசன் காலங்கார்த்தால வாசலில் உமிச்சாம்பலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இடது கால் இழுக்கும், இடது கை தொங்கும் மனுஷன். சாம்பலை ஒரு துணிக்கடைப் பையில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிவார், ஒரு பிடி தூவுவார், நிமிர்ந்து தடியை ஊன்றி ஒரு எட்டு வைப்பார், மறுபடியும் குனிவார். விடியுமுன்னே ஆரம்பித்தவர் எட்டு மணிக்குத்தான் இரண்டாவது பக்கத்துக்கு வந்திருந்தார். நான் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது, உண்ணா என்றாலே வாய்தான் என்பார்கள் ஊரில்.

"இன்னா மாமா அது?"

"கொட்டா."

"எதுக்குக் கொட்டா?"

"வண்டிக்குத்தான். ரொட்டவேட்டரு, கலப்ப, டிரெய்லரு எல்லாம் இன்னும் எத்தினி நாள் வெயில்ல கெடக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை டிராக்டரைப் பார்த்து விலை பேச வெம்பாக்கத்திலிருந்து ஆள் வருகிறான். வரச்சொன்னதே நான்தான், அவர் எதிரிலேயே போனில் சொன்னேன். விற்கப்போகிற வண்டிக்குக் கொட்டகை கட்டுகிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் அன்றைக்குப் பார்த்தேன்.

விற்க எனக்கு மட்டும் ஆசையா? பதினோரு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு அவர் வாங்கிய வண்டி அது. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் ஒரு சைக்கிளுக்கு மேல் யாரும் சொந்தமாக எதையும் உருட்டியதில்லை. போன புரட்டாசியில் வயலில் இறங்கி நின்றவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். பிழைத்து வந்தார், ஆனால் இடது காலுக்குக் கிளட்ச்சை மிதிக்கிற தெம்பு வரவில்லை. மூன்று மாதம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டியில் எலி புகுந்து ஒயரைக் கடித்து வைத்தது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் ஏறி உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆரணியில் ஆறு வருஷம் கூலிக்குத் தறி மிதித்த கால் இது, கிளட்ச்சும் பிரேக்கும் அதற்கு ஒரு பெரிய விஷயம் இல்லை. தை முடிவதற்குள், நடவுக்கு முன்னால் சேற்றைக் கலக்குகிற சேடையே ஓட்டினேன். ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவர்களே உழவுக்கும் கூப்பிட்டார்கள்.

ரிவர்ஸ்தான் வரவில்லை. முன்னால் போகச்சொன்னால் திருவண்ணாமலை வரைக்கும் போவேன், பின்னால் பத்தடி வரச்சொன்னால் ஈரக்குலை நடுங்கும். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளின் குளியலறைத் தட்டியைச் சாய்த்தேன். நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. பஞ்சாயத்துக் குழாயைப் பிடுங்கினேன். பின்னால் வருகிறேன் என்றாலே தெருவில் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். ஒருத்தன் லெஃப்ட்டு என்பான், ஒருத்தன் ரைட்டு என்பான், கட்டிலில் உட்கார்ந்து இவரும் கத்துவார். நான் எல்லார் பேச்சையும் கேட்டு எங்கேயாவது இடிப்பேன்.

போன வாரம் களம்பூர் மில்லில் நெல் மூட்டையோடு டிரெய்லரைப் பின்னால் விடச்சொன்னார்கள். பின்னால் ஐந்து லாரி நின்றது. நான் முன்னும் பின்னும் அரை மணி நேரம் அல்லாடினேன். கடைசியில் ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, "எறங்கும்மா" என்று சொல்லி, ஒரே மூச்சில் விட்டுக் கொடுத்தான். அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் என்று பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "வித்துடலாம் மாமா, என்னால ஆவாது" என்றேன். மறுநாள் அவர் யாரிடமோ சொல்லி மில்லிலிருந்து ஒரு மூட்டை உமிச்சாம்பல் வரவழைத்தார். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எட்டரைக்குக் கமலக்கண்ணன் டேப்போடு வந்து இறங்கினான். ஆரணியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், ஷெட் போடுவதில் கெட்டிக்காரன். நான் தறி மிதித்தது இவன் அப்பா வீட்டில்தான். அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"வாப்பா. உனுக்கு வேற வேல இல்லியா? இவரு சொன்னாருன்னு நீயும் வந்துட்டியா?"

"அண்ணன் போன் மேல போன் போட்டு பேஜார் பண்ணிட்டாருக்கா."

நான் டீ வைக்க உள்ளே போனேன். காது வெளியேதான் இருந்தது. கமலக்கண்ணன் பின்னால் மாட்டியிருந்த ரொட்டவேட்டரோடு சேர்த்து வண்டியின் நீளத்தை அளந்தான், சேற்றில் ஓட்டுகிற கேஜ் வீல் இரும்புச் சக்கரம் மாட்டினால் எவ்வளவு அகலம் என்று கேட்டான், உயரம் பன்னிரண்டு அடி போதும் என்றான். இவர் நீளம் முப்பது, அகலம் பதினெட்டு என்றார்.

"பதினெட்டு வேணாண்ணா. காலண்டர் பின்னாடி மனையடில பாரு, பதினெட்டு ஆவாதுன்னு போட்டிருக்கும். நான் யாருக்கும் போட மாட்டேன்."

"வண்டிக்கு இன்னாடா மனையடி?"

"வண்டிதான உனுக்கு சோறு போடுது? இருவது வெச்சுக்கோ. கலப்பைக்கும் எடம் கெடைக்கும்."

இவர் சாம்பல் கோட்டைக் காலால் அழித்துவிட்டு இரண்டடி தள்ளிப் போட ஆரம்பித்தார். அடுப்படி ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மனுஷனிடம் ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சாவியை எப்படி வாங்கி இன்னொருத்தன் கையில் கொடுப்பேன்?

டம்ளர்களோடு வெளியே வந்தபோது கமலக்கண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தான்.

"பின்செவுரு எங்கண்ணா? இந்தாண்டையும் தொறந்துகினு இருக்குது, அந்தாண்டையும் தொறந்துகினு இருக்குது."

"பின்செவுரு வேணாம். இப்பிடி பூந்து அப்பிடி போவட்டும்."

"ஐப்பசி மழ நேரா உள்ள அடிக்கும்ணா. தகரத்தைப் போட்டு சந்து கட்டற மாதிரி இருக்கும். இரும்புலாம் துரு ஏறிப்பூடும்."

"துரு ஏறினா தொடச்சுக்கலாம். அவளுக்கு ரிவர்சு வராதுடா."

டம்ளர்களை அப்படியே தரையில் வைத்தேன். கோபம் வந்தால் எனக்கு மாமாவும் இருக்காது, மரியாதையும் இருக்காது.

"யோவ்! எனுக்கு வராதுன்னு ஊருக்கே கொட்டா கட்டிக் காட்றியா? ரோட்ல போறவன் வர்றவன்லாம் கேப்பான், ஏன்டா இதுக்கு முதுகே இல்லன்னு. நீ இன்னா சொல்லுவ?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறும், நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்.

"உன்னைக் காட்டறதுக்கு இல்ல உண்ணா. ஒரு வாரமா நீ வண்டி திருப்பற தடத்த அளந்துகினு இருந்தேன். உனுக்கு வட்டமடிக்க இருவத்தெட்டு அடி வேணும். அந்தாண்ட முப்பது அடி வுட்டிருக்கேன். பின்னாடி வர வேண்டிய வேலையே உனுக்கு இருக்காது. நீ விக்காத. அவ்ளோதான்."

அப்போதுதான் தரையைச் சரியாகப் பார்த்தேன். கொட்டகைக்கான இரண்டு பக்கக் கோடு மட்டும் இல்லை. வேலியோரம் சுற்றிக்கொண்டு ரோடு வரைக்கும் சாம்பலில் ஒரு பெரிய வளைவு போயிருந்தது. ஒவ்வொரு நாளும் நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போன பிறகு, இந்தக் காலை இழுத்துக்கொண்டு என் டயர்த் தடத்தின் பின்னால் நடந்திருக்கிறார். உழைத்துக் களைத்து வந்து நான் சோற்றைத் தின்று கவிழ்ந்து படுத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷி பத்தடி பின்னால் வர மாட்டாள் என்பதற்காகவா ஒரு மழைக்காலம் முழுக்க இரும்பு நனைய வேண்டும்?

"கமலக்கண்ணா, பின்செவுரு போடு" என்றேன்.

"எப்பிடிக்கா உள்ள வுடுவ?"

"எல்லாரும் எப்பிடி வுடறாங்களோ அப்பிடித்தான்."

சொன்ன கையோடு வண்டியில் போய் ஏறினேன். ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, வண்டியை ரோடு வரைக்கும் முன்னால் கொண்டுபோய், கோட்டுக்கு நேராக முதுகைக் காட்டி நிறுத்தினேன். சத்தம் கேட்டுக் கெங்கம்மாள் வெளியே வந்து தன் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால், இவர் தடியை ஊன்றிக்கொண்டு சாம்பல் கோடுகளின் அந்தக் கடைசிக்குப் போய், நட்டநடுவில் என்னைப் பார்த்து நின்றிருந்தார்.

"மாமா, தள்ளு!"

"தள்ள மாட்டேன். செவுரு போடச் சொன்ன இல்ல? இங்கதான் செவுரு."

"வெளையாடாத மாமா. என் காலே என் பேச்சக் கேக்காது. உன் மேல ஏத்திடுவேன்."

"ஏத்த மாட்ட. வண்டியப் பாக்காத, ஆளுங்களையும் பாக்காத. என் கைய மட்டும் பாத்துகினு வா." பிறகு கமலக்கண்ணன் பக்கம் திரும்பி, "ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை. தடியை இடது கக்கத்தில் செருகிக்கொண்டு வலது கையைத் தூக்கினார். அந்தத் தடி இல்லாமல் அவரால் ஒரு எட்டு விலக முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கிளட்ச்சை மிதித்தேன். கியரைப் போட்டேன். உள்ளங்கால் வேர்த்துச் செருப்பில் வழுக்கியது, செருப்பைக் கழற்றிக் கீழே வீசினேன். வெறுங்காலில் கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

கை இடது பக்கம் சாய்ந்தது, ஸ்டியரிங்கைத் திருப்பினேன். நேரானது, நேராக்கினேன். டயர் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நுழைந்தது. அந்தக் கை தவிர எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. விரல்கள் வா வா என்று மடங்கி மடங்கி நிமிர்ந்தன. குழந்தையை நடக்கக் கூப்பிடுகிற மாதிரி. ரொட்டவேட்டருக்குப் பின்னால் அவருடைய மார்பும் கையும் மட்டும்தான் தெரிந்தன, கால் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா என்று கால் துடித்தது. விரல்கள் இன்னும் வா என்றுதான் சொல்லின. முகத்தில் ஒரு பயம் இல்லை அந்த மனுஷனுக்கு.

உள்ளங்கை விரிந்து நின்றது. இரண்டு காலையும் ஒரே அழுத்தாக அழுத்தினேன். வண்டி நின்றது. இன்ஜினை அணைத்த பிறகும் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை வரவில்லை, ஸ்டியரிங்கையே பிடித்திருந்தேன். கெங்கம்மாள் தட்டியை விட்டுவிட்டு, "அடியே உண்ணா!" என்று கத்தினாள்.

கமலக்கண்ணன் முளையும் சுத்தியலுமாக ஓடினான். அவர் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. தலையை மட்டும் குனிந்து, ரொட்டவேட்டருக்கும் தன் காலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு முழ இடைவெளியைப் பார்த்தார். பிறகு, தன் குதிகாலுக்குப் பின்னால் ஒட்டிப் பின்சுவருக்கு முளையை அடிக்கச் சொன்னார்.