புகைக்குழியில் நாறிய விறகு

ஜுபாராவுக்கு மூக்கு செத்துப்போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. வறுபடும் காப்பிக்கொட்டையும் ஆட்டுப்பட்டியும் அவருக்கு ஒன்றுதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி ஸித்தனாவிடம்கூட. எப்படிச் சொல்வார்? அந்த ஊரில் விறகு வழக்கென்றால் தீர்ப்பு அவருடையது. எந்தத் துண்டையும் ஒடித்து ஒரு தரம் முகர்ந்தால் போதும், மரத்தின் பெயர் வந்து விழும். இருபது வருஷமாக அந்தப் பெருமையில் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த மனிதர்.

இந்த நேரம் பார்த்து மகள் அல்தாயாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கல்யாணப் பெண் ஒரு மாதம் தினமும் சாயங்காலம் புகையில் உட்கார வேண்டும். கொல்லையில் குழி, குழிக்குள் கனலும் தல்ஹு மரத் துண்டுகள், மேலே நடுவில் ஓட்டை விட்ட பாய், அதன்மேல் கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு பெண். எழுந்து வரும்போது தோல் தேன் நிறத்தில் மினுக்கும், தெருமுனை வரைக்கும் மணக்கும். அதற்குத் தல்ஹு விறகுதான் வேண்டும்.

"சந்தையில கல்தூமாகிட்ட வாங்கிக்கலாமே. எல்லாரும் அவகிட்டதான வாங்குறாங்க" என்றாள் ஸித்தனா.

"எம் பொண்ணுக்கு நான் வெட்டாம, ஊரார் வெட்டுனதையா போடுறது? அவ கட்டுல என்னத்தைக் கலந்து வச்சிருக்காளோ!"

கல்தூமா விதவை. மேற்கே இருந்து பிழைக்க வந்தவள். சந்தை ஓரத்தில் விறகுக்கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் விறகை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. மூக்கு இல்லாத மனிதர் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லாமல் சொல்லிவிட்டுக் கோடரியோடு காட்டுக்குப் போனார்.

கோடையில் இலை கொட்டிப்போயிருந்தது. தல்ஹும் லாவோத்தும் வேல மரச் சாதி. இரண்டிலும் பட்டை பச்சை ஓடியிருக்கும், இரண்டிலும் முள் ஜோடி ஜோடியாக நேராக நீட்டிக்கொண்டிருக்கும். தல்ஹு தனி மரமாக வளரும், லாவோத்து அடியிலேயே கிளை விட்டுப் புதராக நிற்கும். ஆனால் வெட்டுப்பட்ட தல்ஹு மறுபடி துளிர்த்தால் அதுவும் புதர்தான். அப்படி ஒரு புதர் முன்னால் நின்று ஜுபாரா கோடரியை ஓங்கினார். வெட்டியதும் ஒரு துண்டை எடுத்துப் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தல்ஹு மாதிரிதான் இருந்தது. போதும் என்று கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்பென்றால் லாவோத்தைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்திருப்பார். வெட்டினால் செத்த எலி நாற்றம் அடிக்கும் மரம் அது.

விறகு கொல்லைக் கோடியில் கிடந்து காய்ந்தது. காய்ந்தால் லாவோத்தின் நாற்றம் அடங்கிவிடும், ஒடித்தாலோ எரித்தாலோதான் மறுபடி கிளம்பும். போதாமல் போய்விடுமோ என்று ஸித்தனா அவருக்குத் தெரியாமல் கல்தூமாவிடம் ஒரு கட்டு வாங்கி அதே குவியலில் சேர்த்தாள்.

குவியலின் மேலாக இருந்ததை எடுத்துப் போட்ட முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. எட்டாம் நாள், மாப்பிள்ளையின் அத்தை பெண்ணைப் பார்க்க வந்திருந்த சாயங்காலம் பார்த்து, அல்தாயா குழியிலிருந்து ஓடிவந்து வாசலில் வாந்தி எடுத்தாள். கம்பளி, தலைமுடி, கழுத்து எங்கும் ஒரே நாற்றம். அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்குப் பொண்ணு வருதா, இல்ல செத்த கழுதை வருதா?"

அல்தாயா மூலையில் சுருண்டுகொண்டு அழுதாள். ஸித்தனா தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் பாவி! கல்தூமாகிட்ட ஒரு கட்டு வாங்கிச் சேர்த்தேன். அவ லாவோத்தைக் கலந்துட்டா!"

ஜுபாரா குழியருகே போனார். பாதி எரிந்த துண்டை எடுத்துப் பார்த்தார். நுனியில் நீளச் சாய்வான ஒரே வெட்டு. கல்தூமா ரம்பத்தால் நேராக அறுப்பவள். இது அவருடைய கோடரி வெட்டு, சந்தேகமே இல்லை. துண்டை மறுபடி குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளினார்.

பேச்சு காதுக்கு எட்டி, மறுநாள் காலையில் கல்தூமாவே வந்துவிட்டாள். கையில் அவள் கட்டிலிருந்து உருவிய ஒரு கழி. முற்றம் நிறையப் பெண்கள். மாப்பிள்ளையின் அத்தையும் இருந்தாள். அவள் தம்பிதான் சந்தையில் யார் எங்கே உட்காரலாம் என்று முடிவு செய்கிறவன்.

"பதினாலு வருஷமா விக்கிறேன்" என்றாள் கல்தூமா. "எங் கட்டுல லாவோத்தா? ஜுபாரா அண்ணன் சொல்லட்டும். அவரு மூக்கு சொன்னா நான் ஒத்துக்கிறேன்." கழியைப் படக்கென்று ஒடித்து அவரிடம் நீட்டினாள்.

அந்த நேரத்தில் ஜுபாராவுக்கு மூக்கே தேவைப்படவில்லை. நாறியது தன் விறகு என்று தெரியும், ஆகவே இவளுடையது சுத்தமான தல்ஹு என்றும் தெரியும். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும். அப்படியானால் நாறியது யார் விறகு என்று அடுத்த கேள்வி வரும். அவர் கழியை வாங்கி, கண்ணை மூடி, எல்லோரும் பார்க்க நீளமாக முகர்ந்தார்.

"லாவோத்துதான்" என்றார்.

வேறு யாரும் கிட்டே வந்து முகரவில்லை. ஜுபாராவே சொன்ன பிறகு என்ன இருக்கிறது? ஸித்தனா எட்டு வைத்துப் போய்க் கல்தூமாவின் முகத்தில் துப்பினாள்.

கல்தூமா யாரையும் திட்டவில்லை. ஒடித்த துண்டைத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஜுபாராவைப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ஜுபாராவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் பெண்கள் "நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்றபோது தலையை ஆட்டத்தான் செய்தார்.

சாயங்காலம் சந்தைக்குப் போனார். காலையில் அடுக்கிய கட்டுகள் அடுக்கியபடி இருந்தன. கல்தூமா எழுந்திருக்கவில்லை.

"எனக்கு வாசனை தெரியாதும்மா. காய்ச்சல்ல போச்சு. யாருக்கும் தெரியாது" என்றார்.

"அதுக்கென்ன? எம் மரம் நல்ல மரம்னு ஒங்களுக்கு மூக்கில்லாமலே தெரிஞ்சுச்சுல்ல?"

மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அவருக்கு வரவில்லை. அவள் ஒரு கட்டை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"கொண்டு போங்க. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு."

வெட்கங்கெட்ட மனிதர், வாங்கிக்கொண்டார். சந்தைத் தெருவை விட்டுப் பின்சந்து வழியாக வீட்டுக்குத் தூக்கிவந்தார். பழைய குவியல் முழுவதையும் தூரத்தில் கொண்டுபோய் எரித்தார்.

புது விறகில் ஐந்து நாள் உட்கார்ந்ததும் அல்தாயா பழையபடி மினுங்கினாள். பார்க்க வந்த பெண்கள் குலவையிட்டார்கள். வீடே மணக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதை வைத்துத்தான் ஜுபாரா தெரிந்துகொண்டார். கிஸ்ரா ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பன் கைபட்ட மரம்னா சும்மாவா! அந்தத் திருட்டுச் சிறுக்கியை நாளையோட சந்தையை விட்டுக் கிளப்பச் சொல்லி எந் தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

"நல்லா வேணும் அவளுக்கு" என்றாள் ஸித்தனா.

ஜுபாரா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார்.

"இது கல்தூமா குடுத்த விறகு. நாறுனதுதான் நான் வெட்டுனது. எனக்கு மூக்கு போயி எட்டு மாசமாச்சு."

குலவை பாதியில் நின்றது. அத்தை வாயில் போட்ட ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினாள். அல்தாயா கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டாள். இனி கல்யாணம் என்ன ஆகும், அத்தை என்ன சொல்வாள் என்று ஜுபாரா அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஸித்தனாதான் முதலில் பேசினாள். குரல் உயரவில்லை.

"அவ வந்து நின்னப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே, நான் துப்புனதைப் பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

மூக்கு போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே போகும் புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, "ஹாஜ்ஜா, அவளைக் கிளப்ப வேணாம்னு ஒங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று அத்தையிடம் சொன்னாள். அத்தை தலையை ஆட்டினாள்.

"நானும் வரேன் ஸித்தனா" என்றார் ஜுபாரா, செருப்பைத் தேடிக்கொண்டே.

"வேணாம். நான் துப்புனதுக்கு நான் போறேன். ஒங்களோடதுக்கு நீங்க தனியாப் போங்க."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். ஜுபாரா ஒரு காலில் செருப்போடு நின்றார்.