எழுதிக் கொடுத்தால் ஏறுகிறேன்

லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் வேலை. பதினான்கு மாடிக் கட்டடத்தின் உள்ளே இடுப்புப் பட்டையை நம்பித் தொங்கிக்கொண்டு கம்பிகளைச் சரிபார்ப்பவள். அங்கே யாரும் அவளைத் தடுத்ததில்லை. பூங்காப் பாறையில் ஏறக் கூடாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகை முளைத்திருந்ததையும், காவலாளி விசிலடித்து விரட்டியதையும்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆறு வருடமாக அவளும் தங்கையும் அங்கே ஏறுகிறார்கள். ஒருத்தி ஏறினால் மற்றவள் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பாள். முழங்கைச் சிராய்ப்புக்கு மேல் ஒன்றும் நடந்ததில்லை.

மறுநாள் பூங்காக் கண்காணிப்பாளரின் அறைக்குப் போய் நின்றாள்.

"யாராவது விழுந்து வெச்சா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் அவர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

"போன மாசம் ஊஞ்சல்லேருந்து விழுந்து ஒரு பிள்ளைக்குக் கை உடைஞ்சுது. ஊஞ்சலைக் கழட்டிட்டீங்களா சார்?"

"அது வேற, இது வேற. மனு குடுங்க, பாக்கலாம்."

மூன்று மனு கொடுத்தாள். மூன்றும் கிணற்றில் போட்ட கல்தான்.

நான்காம் மாதம் அவரே போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. பாறை உச்சியில் ஒரு மரக்கன்று வேர்விட்டு வெடிப்பை அகலப்படுத்திவிட்டதாம். கல் ஒன்று பெயர்ந்து கீழே இருந்த பெஞ்சில் விழுந்ததாம். தீயணைப்பு வண்டி பூங்கா வாசலில் நுழைய இடமில்லையாம்.

"நீங்க நல்லா ஏறுவீங்களாமே..."

"போனை வை அக்கா!" என்று தங்கை பல்லைக் கடித்தாள். "வேணும்னா கூப்பிடுவாங்க, வேணாம்னா விசிலடிச்சு விரட்டுவாங்களா?"

அவளுக்கும் ஆத்திரம்தான். ஆனால் அந்த பெஞ்சில் உட்காருகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

"ஏறுறேன் சார். எனக்குப் பத்திரமா ஏறத் தெரியும்னு உங்க கையெழுத்தோட எழுதிக் குடுங்க."

கண்காணிப்பாளர் போனில் சாக்குச் சொல்லிப் பார்த்தார். பிறகு அறைக்கு வரச் சொல்லி, எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

ஏறினாள். கன்றை அறுத்து, வேரை நோண்டி எடுத்து, ஆடிக்கொண்டிருந்த கற்களைச் சாக்கில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் வாசலில் அறிவிப்பு: 'பூங்கா ஊழியர்கள் அபாயத்தை அகற்றினர்.' தடைப் பலகையோ புது வண்ணத்தில் பளபளத்தது.

அடுத்த வாரமே நகரமன்றத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து கடிதத்தை உரக்க வாசித்தாள்.

"தடை உத்தரவுலயும் இதே கையெழுத்துதாங்க இருக்கு. ரெண்டுல எது பொய்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

நகரமன்றத் தலைவர் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். அவர் எழுந்து, "அது ஒரு அவசரத்துக்கு..." என்று இழுத்தார்.

"அவசரம்னா பாறை பஞ்சாயிடுமா சார்?"

கூடமே சிரித்தது. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

கடைசியில் அனுமதி வந்தது. ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை, தலைக்கவசத்தோடு, பதிவேட்டில் கையெழுத்திட்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சிறப்புச் சலுகை'.

தங்கை துள்ளிக் குதித்தாள். அவளோ, முதல் ஞாயிறன்று பதிவேட்டில் பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

"சலுகையாம்! யார் வீட்டுப் பாறைடி இது?"

"அப்புறம் சண்டை போடலாம்க்கா. மணி ஆறே கால்."

முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டே ஏறத் தொடங்கினாள்.