ஆறு இடம் மட்டும் துடைத்தேன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இருதய வார்டில் நாலு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். எழில் சிஸ்டரிடம் பேச்சு வாங்காத நோயாளி கிடையாது என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன், கருத்தப்பாண்டி வந்து படுக்கிற வரைக்கும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. காலை ஒன்பதரை மணிக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற ஆள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை என்பதால் விடிந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். கலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி மாடத்தியும் அதே கம்பெனிதான், அவள்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு வந்திருந்தாள். சட்டையைக் கழற்றினால் கழுத்திலிருந்து தொப்புள் வரைக்கும் அலுமினியத் தூள், வேர்வையில் குழைந்து நெஞ்சு முடியெல்லாம் வெள்ளியாக ஒட்டிக்கிடந்தது.

"தாயி, மொதல்ல என்னைத் துடைச்சு விட்டுரு. வயரெல்லாம் அப்புறம் மாட்டிக்கிடலாம்" என்றார்.

"பேசாமப் படுங்க ஐயா. உங்களுக்கு ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கு."

"உடம்பு பூரா மருந்து கெடக்கு தாயி. கரண்டு பட்டா பத்திக்கிரும்."

பக்கத்தில் நின்ற ஸ்ரீமதி சிஸ்டர் சிரித்தாள். அப்போது பார்த்து மாடத்தி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, நீ ஆனைக்குட்டத்துப் பெத்தணன் மவதான? உங்கப்பாவும் இவரும் ஒண்ணாத்தான மருந்து கலக்குனாக" என்றாள்.

என் அப்பா கம்பெனியில் சூப்பர்வைசர் என்றுதான் ஸ்ரீமதியிடம் சொல்லி வைத்திருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. அந்த எரிச்சலையெல்லாம் நெஞ்சுவலிக்காரர் மேல் கொட்டினேன்.

"இது ஆஸ்பத்திரி, உங்க கம்பெனி இல்ல. எனக்குப் பாடம் நடத்தாதீங்க."

ஈசிஜி எடுக்க நெஞ்சில் ஆறு இடத்தில் வயர் ஒட்ட வேண்டும். அந்த ஆறு இடத்தை மட்டும் பஞ்சால் காசளவு துடைத்து ஒட்டினேன். ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து முடித்த பிறகும் எனக்கு நேரம் இருந்தது. ஈரத்துண்டால் நெஞ்சைத் துடைப்பது இரண்டு நிமிஷ வேலை. என் அப்பா கம்பெனித் தொட்டியில் குளிக்காமல் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. எனக்கா தெரியாது? ஆனாலும் துடைக்கவில்லை. துடைத்தால் அந்தப் பொம்பளை சொன்னது உண்மை என்று ஆகிவிடும் என்பது போல ஒரு வீம்பு. தூ, நினைத்தால் இப்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அடுத்த கால் மணி நேரத்தில் அவருக்கு நாடி நின்றுபோனது. டாக்டர் செல்வக்குமார் ஓடி வந்தார். ஷாக் கொடுக்கும்போது தீப்பிடிக்காமல் இருக்க ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்துத் தூரத் தள்ளினேன். அன்றைக்கு ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். ஷாக் கொடுத்ததும் நெஞ்சில் பொறி பறந்தது. கண் கூசுகிற வெள்ளை வெளிச்சம், முடி கருகுகிற வாடை. ஈரப் போர்வையைப் போட்டு அமுக்கினேன். இருதயம் திரும்பத் துடித்துவிட்டது. அன்றைக்கே அடைப்பை நீக்கி ஸ்டென்ட்டும் வைத்துவிட்டார்கள். ஆனால் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்துபோயிருந்தது.

சாயங்காலம் டாக்டர் கேட்டார். "நெஞ்சைத் துடைச்சீங்களா சிஸ்டர்?"

"துடைச்சேன் சார்."

"துடைச்சுமா இப்படி ஆச்சு?"

மாடத்திதான் முன்னால் வந்தாள். "அந்தப் புள்ள துடைக்கத்தான் சார் செஞ்சுச்சு. பாதியிலயே இவருதான் வேண்டாம்னு கையைத் தட்டி விட்டாரு."

நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதினார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் மாடத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சனத்துல ஒண்ணு படிச்சு இந்த வேலைக்கு வந்துருக்கு. அத நானே கெடுப்பனா? விடு புள்ள" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நான் நிமிர்ந்து நின்றிருப்பேன். அன்றிலிருந்து அவள் இருக்கும் பக்கம் தலைதூக்க முடியவில்லை.

நாலாம் நாள் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்திருந்தார்கள். அதில் ரத்தினசாமி என்பவர், "மருந்தோட கரண்டு பட்டா என்ன ஆவும்னு உமக்குத் தெரியாதா? துடைக்க விடலையாமே" என்று கேட்டார்.

"தப்புதான்" என்றார் கருத்தப்பாண்டி. "நீங்களாச்சும் இங்கன வந்தா சிஸ்டரு சொல்லுறதக் கேட்டுக்கிடுங்க. எதுத்துப் பேசாதீக."

அந்த மூன்று பேர் கையிலும் அதே தூள் நக இடுக்கில் இருந்தது. நாளைக்கு இவர்களில் ஒருத்தர் இங்கே வந்து, துடைக்கச் சொல்லிக் கேட்காமல் படுத்துக்கொண்டால்?

"அவரு தடுக்கல" என்றேன். "துடைச்சு விடுன்னு கெஞ்சுனாரு. நான்தான் பேசாமப் படுங்கன்னு அதட்டுனேன். துடைக்கல. டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன்."

"இப்ப எதுக்கு புள்ள இதெல்லாம்" என்று மாடத்தி பதறினாள்.

கருத்தப்பாண்டி அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நான் கேட்டனா?"

"கேட்டீங்க சித்தப்பா. ரெண்டு தடவை."

"வந்த அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே எனக்கு நெனவில்ல தாயி. நான்தான் தட்டி விட்டேன்னு இவ சொன்னா, நம்பிட்டேன். இருபத்தாறு வருசமா மருந்து கலக்குதேன், ஒரு பொறி விழுந்ததில்ல. அப்பேர்ப்பட்டவன் எப்படி வேண்டாம்னு சொன்னேன்னு மூணு நாளா ஒறக்கமில்ல. புத்தி கலங்கிருச்சு, இனிமே மருந்தத் தொடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழக்கூடாது, நெஞ்சுக்கு ஆகாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கட்டை முடித்துவிட்டு, கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.