வண்டிக்குக் கீழே வரும் முற்றம்

ஓர்லீன் டட்டன் தன் பிக்கப் வண்டியை எங்கே நிறுத்தினாலும் அதன் கீழே அவள் வீட்டு முற்றம் வந்துவிடும். மிசிசிப்பியின் பைன் காட்டுப் பக்கத்தில் அவள் வேலை பார்த்த ஒட்டுப்பலகை ஆலையில் எல்லோருக்கும் இது தெரியும். நடக்கும் முறை எளிது. எஞ்சினை அணைத்ததும் நான்கு சக்கரங்களுக்கு நடுவே இருந்த தார், கத்தியால் வெட்டியதுபோல் நேர்விளிம்போடு மறைந்து, அங்கே புல் நிற்கும். மறைந்த தார் அவள் வீட்டில் புல் இருந்த இடத்துக்குப் போய்விடும். அவள் வீடு திரும்பி எஞ்சினை அணைக்கும்போது இரண்டும் தத்தம் இடத்துக்குத் திரும்பும். சில நாள் புல்லோடு சேவலும் வரும். காவலாளி லாமார் அதை மாலைவரை பார்த்துக்கொள்வான். வசந்தத்தில் காட்டுவெங்காயம் முளைத்தால், அவளைக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு கொத்து பறித்துக்கொள்வார்கள்.

மான் வேட்டைக் காலத்தில் ஆலையின் பாதிப் பேர் வண்டியில் துப்பாக்கியோடுதான் வேலைக்கு வருவார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய் எடுத்துவந்தால் காட்டில் வெளிச்சம் போய்விடும். ஓர்லீனின் துப்பாக்கி பூட்டிய வண்டிக்குள் இருக்கைக்குப் பின்னால் இருக்கும். குளிர்காலம் முழுக்க அவள் வீட்டு இறைச்சி அதிலிருந்துதான். அந்த வருடம் புதிதாக வந்த மேலாளர் ஹாலிஸ் வாரிக், ஆலை நிலத்தில் நிற்கும் எந்த வண்டிக்குள்ளும் துப்பாக்கி கூடாது, இருந்தால் வேலை போகும் என்றார். அவர் முன்பு இருந்த ஆலையில் ஒருவன் காரிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து இரண்டு பேரைச் சுட்டிருந்தான். இருவரும் வாரிக்கின் நண்பர்கள். அதனால் அவரை யாரும் கெட்டவர் என்று சொல்லவில்லை. என் நிலத்தில் என் பேச்சு என்றார் அவர். என் வண்டிக்குள் என் பேச்சு என்றார்கள் ஆட்கள்.

வெடிமருந்து வாசனை பிடிக்கும் நாயை வாரிக் வரவழைத்தார். அது வண்டிகளை வரிசையாக மோப்பம் பிடித்து இரண்டு பேரை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தது. ஓர்லீனின் வண்டியருகே வந்ததும் புல்லில் ஒரு கால் வைத்து, எடுத்து, நன்றாக வளர்க்கப்பட்ட நாய் அடுத்த வீட்டு வாசலில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிட்டது.

"வண்டியத் திறங்க, மிஸ் ஓர்லீன். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்," என்றார் வாரிக்.

"நீங்க நிக்கிறது உங்க தரை, மிஸ்டர் வாரிக். இன்னும் ஒரு அடி வச்சா என் முற்றம். கூப்பிடாம யாரும் எங்க வீட்டுக்கு வந்ததில்ல."

"அந்தச் சேவல் இருக்கிறப்போ வரவும் மாட்டாங்க," என்றான் லாமார்.

வாரிக் நில அளவையாளரை அழைத்தார். அவர் முன்சக்கரத்தருகே புல்லை விலக்கி, ஓர்லீனின் மனையெல்லையைக் காட்டும் இரும்புக் கம்பி ஊன்றியபடியே இருப்பதைக் கண்டு, இது அந்த அம்மாவின் நிலம்தான் என்று சொல்லிக் கிளம்பினார். வாரிக் எதையும் கடைசிவரை யோசிக்கிற மனிதர். அப்படியானால் என் தார் எங்கே என்று கேட்டுக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனார். துணிக்கொடிக்கும் பீச் மரத்துக்கும் நடுவே, எண்ணெய்க் கறையோடு தார்ச் செவ்வகம் கிடந்தது. ஓர்லீன் வரும்வரை அதன்மேலேயே நின்றார்.

அவள் எஞ்சினை அணைக்காமல் சாலையிலேயே நிறுத்தினாள்.

"இது ஆலை நிலம்," என்றார் வாரிக். "துப்பாக்கி இருக்கிற வண்டி இங்க வரக்கூடாது."

அது அவளுடைய வாதமேதான். அவள் இறங்கி, துப்பாக்கியை எடுத்து, தாரை மிதிக்காமல் சுற்றி நடந்து வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"நீங்க சொல்றது நியாயம். உங்க தரைக்கு என் துப்பாக்கி வராது. என் தரைக்கு உங்க கை வரக்கூடாது."

"நாய்?" என்றார் வாரிக்.

"நாய் வரலாம். அது கேட்டுட்டுத்தான் வருது."

அவள் ஒரு நாற்காலியும் ஒரு கிண்ணம் மான்கறியும் கொண்டுவந்தாள். அவர் தாரின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். முடிந்ததும், தன் காருக்குப் போக அவள் புல்லைக் கடக்கலாமா என்று கேட்டுக் கடந்தார்.

மறுநாள் ஓர்லீன் வேலைக்கு வந்தாள். அனுப்பப்பட்ட இருவரையும் வாரிக் அந்த வாரமே திரும்ப அழைத்தார். அவர்கள் வண்டிகளுக்குக் கீழேயும் புல் வந்திருந்தது. குளிர்காலத்துக்குள் நிறுத்துமிடம் முழுக்க முற்றங்களாகிவிட்டது. சிலவற்றில் கீரைப்பாத்தி, ஒன்றில் நாய்க்கூடு. அவரவர் புல்லை அவரவர் மதிய இடைவேளையில் வெட்டினார்கள். வாரிக் காலையில் நடுவே மிஞ்சிய தாரில் நடந்து, வேலிக்கு இப்பாலிருந்து சொல்வதுபோல் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னார்.

அவர் காருக்குக் கீழே மட்டும் தார்தான் இருந்தது, ஏனென்றால் அவர் இருந்தது ஆலை கொடுத்த வீட்டில். அடுத்த வசந்தத்தில் ஊரிலேயே ஒரு சின்ன வீடு வாங்கினார். மறுநாள் காலை அவர் எஞ்சினை அணைத்தபோது லாமார் அந்தப் பக்கம் வந்தான். புதுப் புல்லின் விளிம்பில் நின்று தொப்பியைக் கழற்றினான். காருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.