புகைக்குழாயின் இரண்டு சாட்சிகள்

இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் அது உண்மை என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. வருத்தத்தோடு திருத்துகிறேன்: இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால், அவர்களுக்கு நடுவில் இருப்பவர் குற்றவாளி. எங்கள் ஊர் வாகனப் புகை விசாரணை அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக இதுதான் சட்டம்.

ஒவ்வொரு காரின் புகைக்குழாயிலும் இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்கள் பணியில் இருக்கும். இன்ஜினுக்கு அருகில் இருப்பதை முன்னவர் என்றும், வால் பக்கம் இருப்பதைப் பின்னவர் என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். இருவருக்கும் நடுவில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் அனுப்பும் நச்சுப் புகையை வாங்கி, ஊர் மூச்சு விடத் தக்கதாக மாற்றி அனுப்புவது அதன் வேலை. முன்னவரும் பின்னவரும் தங்களைக் கடந்து போவதை மோந்து பார்த்து, நாளுக்கொரு தாள் வாக்குமூலம் எழுதி அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். முன்னவரின் தாள் கலவரமாக இருக்க வேண்டும், பின்னவரின் தாள் சாந்தமாக இருக்க வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து இரண்டும் ஒன்றாக இருந்தால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். மறுநாள் கன்வெர்ட்டரின் பெயருக்குச் சம்மன் வரும்.

என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். எட்டு சிலிண்டர். பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துபவனுக்கு இது எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் ஏற முடியாது என்பதுதான் எல்லோருக்கும் நான் சொல்லும் பதில்.

என் காரின் கன்வெர்ட்டருக்குச் சம்மன் வந்தது; வியாழக்கிழமைக்குப் போட்டிருந்தார்கள். குற்றம் உறுதியானால் அன்று மாலை நான்கு மணிக்குக் கன்வெர்ட்டரை இரண்டாக அறுத்து, உள்ளே இருக்கும் பிளாட்டினத்தை எடுத்துக்கொள்வார்கள். வேறு தண்டனையே சட்டத்தில் இல்லை. பதினோரு ஆண்டுகள் என் அவசரங்களையெல்லாம் விழுங்கிவிட்டு, ஒருநாள்கூட விடுப்புக் கேட்காத ஒன்றுக்கு இதுதான் மரியாதை.

மெக்கானிக் நாச்சிமுத்து அதைக் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். வழியெல்லாம் எனக்குப் புத்தி சொன்னார். புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் வேண்டாம் என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"இல்லீனா பின்னவரை மாத்திப்போடலாமுங்க. புதுசா வர்றவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. மூணு மாசத்துக்கு விளக்கு எரியாதுங்க."

"சாட்சியையே மாத்தறதா?"

"ஊருல பாதிப்பேரு அதைத்தானுங்க பண்றாங்க. நீங்கதான் கோர்ட்டு, நாயம்னு கெளம்பிட்டீங்க."

விசாரணை அறையில் கன்வெர்ட்டரை இரண்டு செங்கல்களின் மேல் வைத்தார்கள். சாட்சிகள் நேரில் வரவில்லை. முந்நூறு டிகிரிக்குக் குறைவான சூட்டில் அவர்களுக்கு வாய் திறக்காது என்பதால் தாள்கள் மட்டும் வந்திருந்தன. தொண்ணூற்றிரண்டு நாள், தொண்ணூற்றிரண்டு ஜோடி.

அதிகாரி அம்பலவாணன் நல்ல மனிதர். ஜன்னல் பக்கம் எழுந்து போய், முன்னவரின் முதல் தாளைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்து, அதன்மேல் பின்னவரின் தாளை வைத்தார். வெயிலில் இரண்டின் எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் பொருந்தின. எங்கள் ஊரில் புகைக்குழாய் விசாரணை இப்படித்தான் நடக்கும். மேகமூட்டமான நாட்களில் அலுவலகம் விடுமுறை.

நாச்சிமுத்து தன் சாட்சியத்தைச் சொன்னார். கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்ததாகவும், உள்ளே எதுவும் உடைந்து கலகலக்கவில்லை என்றும், குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவியும் ஒரு குமிழ்கூட வரவில்லை, ஆகவே ஓட்டை இல்லை என்றும் சொன்னார். அம்பலவாணன் மிகவும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, படிவத்தில் தட்டிப் பார்த்ததற்கும் குமிழுக்கும் கட்டம் இல்லை என்றார்.

தாள்களில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் அதிகாரியிடம் கேட்டேன்.

"பொருந்தறமாதிரி எழுதியிருக்குதுங்க" என்றார்.

"படிச்சுப் பார்த்தீங்களா?"

"படிக்கக் கூடாதுங்க. படிச்சா நம்ம மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும். பொருந்துதா இல்லையான்னு பார்க்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது."

என் வாழ்க்கையில் இரண்டு முறைதான் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. முதல் முறை, ஆறாம் வகுப்புப் புவியியல் நூலில் வங்காள விரிகுடாவை மேற்கே அச்சடித்தபோது. இது இரண்டாவது. படிக்கப்படாத தாள்களை நம்பி ஒன்றை அறுப்பதற்கு ரம்பத்தைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து சத்தம் கேட்டது. மணி மூன்றேகால்.

அலுவலகத்துக்குள் வாக்குமூலத்தைப் படிக்கக் கூடாது என்றுதான் விதி. வெளியே நிற்பவரைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. நான் வெளியே போய், செம்பருத்திச் செடிகளை விலக்கி, ஜன்னலுக்கு எதிரே நின்றேன். தாள்கள் கண்ணாடியில்தான் இருந்தன. எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. ஈய எழுத்துக் கோத்த அச்சகத்தில் வேலையைத் தொடங்கியவனுக்கு அது ஒரு பொருட்டல்ல. உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

"ஐயா, நான்காவது சிலிண்டர் பெட்ரோலை எரிக்காமல் அப்படியே அனுப்புகிறது. உரியவரிடம் சொல்லவும்."

அம்பலவாணன் அடுத்த ஜோடியை வைத்தார். கை பழக்கத்தில் வைத்துக்கொண்டே போனார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே வாக்கியம் இருந்தது. அறுபதாம் நாளில் ஒன்று கூடியிருந்தது: "நடுவில் இருப்பவரால் இவ்வளவு பெட்ரோலை விழுங்க முடியவில்லை. அவர் மேல் தவறில்லை." தொண்ணூறாம் நாள் தாளில் ஒரே வரிதான். "ஐயா, யாராவது படிக்கிறீர்களா?" முன்னவரும் அதைத்தான் எழுதியிருந்தார், பின்னவரும் அதைத்தான் எழுதியிருந்தார். கேள்விக்குறி உட்பட அச்சாகப் பொருந்தியது.

ரம்பத்தின் சத்தம் நின்றது.

இன்ஜினை விசாரணைக்கு அழைக்கும் வழக்கம் அதுவரை இல்லை. இன்ஜின் பெரிய இடம். குழாயின் கடைசியில் இருப்பவர்களை வரச்சொல்லிக் கேள்வி கேட்பதுதான் எல்லோருக்கும் வசதி. இதை நான் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே சற்று நீளமாகச் சொன்னேன். குரல் உயர்ந்திருக்கலாம். நாச்சிமுத்து உள்ளேயிருந்து, "அண்ணா சொல்றதும் வாஸ்தவந்தானுங்க" என்றார். அதுவரை அவர் என்னை அண்ணா என்று அழைத்ததில்லை.

நான்காவது சிலிண்டரை மட்டும் வரவழைத்தார்கள். வந்தது. நாற்காலி கொடுத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டது. தன்னுடைய ஸ்பார்க் பிளக்கை ஏழு வருடங்களாக யாரும் மாற்றவில்லை என்றும், தீப்பொறி இல்லாமல் எதை வைத்து எரிப்பது என்றும் கேட்டு, என்னைப் பார்த்தது. நாச்சிமுத்துவும் என்னைப் பார்த்தார். இது வழக்குக்குத் தொடர்பில்லாத செய்தி என்பதால் இங்கே விரிக்கவில்லை.

மூன்று ஐம்பதுக்குக் கன்வெர்ட்டர் விடுதலையானது. நாச்சிமுத்து அதே துண்டில் அதைச் சுற்றி எடுத்துப்போய், நான்காவதற்குப் புது பிளக் போட்டு, எல்லாவற்றையும் பழைய இடத்தில் முடுக்கினார். இருட்டும் முன் விளக்கு அணைந்தது. மறுநாள் முன்னவரின் தாள் கலவரமாகவும் பின்னவரின் தாள் சாந்தமாகவும் போய்ச் சேர்ந்ததாக அலுவலகத்திலிருந்து தெரிவித்தார்கள். அதையும் படித்தீர்களா என்று கேட்டேன். படித்தோம் என்றார்கள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பதினெட்டு ஆண்டுத் தாள்கள் படிக்கப்படாமல் ஓர் அறையில் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மனுப் போட்டேன். அவற்றைப் படிக்க எனக்கே அனுமதி கொடுத்தார்கள். அறுக்கப்பட்ட முந்நூற்றுப் பதினாறு கன்வெர்ட்டர்களில் இருநூற்று எண்பத்தொன்பது நிரபராதிகள். ஒரு வழக்கில் பின்னவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் சிறிது நேரம் வராந்தாவில் நடந்தேன். தீர்ப்புகள் ரத்தாயின. பறித்த பிளாட்டினத்தை அந்தந்தக் காரின் புகைக்குழாயிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

பிளாட்டினமெல்லாம் கல்யாண மோதிரங்களாகியிருந்தது. ஊர்க்காரர்கள் முறையாகக் கழற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். அம்பலவாணனின் மோதிரம் மட்டும் சோப்புக்கும் தேங்காயெண்ணெய்க்கும் அசையவில்லை. அது சாயிபாபா காலனியில் இருக்கும் ஒரு நீல நிறக் காருக்குச் சேர வேண்டியது. அந்தக் காருக்குச் சொந்தக்காரரான டாக்டர் அம்மாள் காலை எட்டரைக்கு மருத்துவமனைக்குப் புறப்படுகிறார். அம்பலவாணன் எட்டு இருபதுக்கே போய், குழாயில் விரலை விட்டுக்கொண்டு நின்றுவிடுகிறார். டாக்டர் அம்மாள், பின்னால் ஓடிவரும் அவருக்காக இரண்டாவது கியருக்கு மேல் போவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்தக் கார் புகைச் சோதனையில் தேறியது.