காலிக் கோப்பை

அந்தக் கொரோனா வருடம் எங்கள் கல்லூரி நூலகத்தில் எதையாவது குடிக்கும்போது மட்டும் முகக்கவசத்தை இறக்கலாம். அதனால் பிள்ளைகள் காலையில் வாங்கிய காபிக் கோப்பையைச் சாயங்காலம்வரை முன்னால் வைத்திருந்தார்கள். உட்காரக்கூடாது என்று நாடா ஒட்டிய நாற்காலிகளையும் இழுத்துப்போட்டு ஒட்டி ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"போலீஸ் வருதுடா, குடி குடி."

போலீஸ் நான்தான், நூலகத்தில் கண்காணிப்பு வேலை. "மாஸ்க்கைப் போடுப்பா, தள்ளி உட்காரும்மா" என்று சொல்லிச் சொல்லி என் குரலே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. என் கணவர் வெர்னுக்கு மாற்றுச் சிறுநீரகம்; தொற்று வந்தால் உடம்பு தாங்காது. அங்கே திறந்திருந்த ஒவ்வொரு வாயும் அவரைத் தேடி எங்கள் வீட்டுக்கு வருவதாகத் தோன்றும். ஏப்ரலிலிருந்து நாங்கள் தனித்தனி அறையில் படுக்கிறோம். காலை வணக்கம்கூடக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்துதான்.

முதலாண்டு படிக்கும் ஐலா மட்டும் ஏரி தெரியும் ஜன்னலோரம் தனியாக உட்காருவாள். என்னைக் கண்டதும் மற்றவர்கள் கோப்பையைத் தூக்குவார்கள், இல்லாவிட்டால் முகக்கவசத்தை ஏற்றுவார்கள். அவளோ அப்போதுதான் இறக்குவாள். அந்தத் திமிருக்காக இரண்டு முறை அவள் பெயரை எழுதிக் கொடுத்திருந்தேன். இன்னொரு முறை எழுதினால் இந்தப் பருவம் முழுவதும் அவளை நூலகத்துக்குள் விடமாட்டார்கள்.

அன்றும் இறக்கினாள். நான் அவள் கோப்பையை எடுத்துப் பார்த்தேன். அடி காய்ந்திருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"தெரியும்."

"என்னைப் பார்த்தா கிண்டலா இருக்காம்மா?"

அவள் முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டாள். "போட்டிருந்தா நீங்க பேசாம போயிடுறீங்க."

எனக்குப் புரியவில்லை.

"ரூம்ல கூட இருந்தவ செப்டம்பர்லயே வீட்டுக்குப் போயிட்டா. கிளாஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல. சாப்பாட்டை வாசல்ல வெச்சுட்டுப் போயிடுறாங்க. நீங்க வந்து திட்டினாதான் அன்னிக்கு ஒருத்தர் என்கிட்ட பேசின மாதிரி."

யோசித்துப் பார்த்தேன். மற்றவர்களை இரண்டு வார்த்தையில் முடித்துவிடும் நான் இவளிடம் மட்டும் நின்று நிதானமாகத் திட்டியிருக்கிறேன். எனக்கும் அது வேண்டியிருந்ததோ என்னவோ. எழுத எடுத்த பேனாவைப் பைக்குள் போட்டேன்.

"நாளைக்குப் போட்டுக்கிட்டே உட்காரு. நான் வரேன்."

"வந்து?"

"எனக்குத் திட்டத்தான் தெரியும். வேற எதுக்காவது திட்டுறேன்."

மறுநாள் அவள் மூக்கு மறைய முகக்கவசம் போட்டிருந்தாள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இந்தக் குளிருக்கு இவ்வளவு மெல்லிய கோட்டா என்று திட்டினேன். கண்கள் சுருங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

மதியம் வெளியே நீளமான பெஞ்சின் ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். ஏரிக்காற்று காதைக் கடித்தது. சாண்ட்விச்சைப் பிரித்துவிட்டு என் முகக்கவசத்தைக் கழற்றினேன். அவள் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் முறை என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் நினைச்ச மூக்கு இது இல்ல" என்றாள்.

"இருக்கிறது இதுதான். எவ்வளவு நேரம் பார்ப்ப?"

"கொஞ்சம் இருங்க."

இருந்தேன்.